எடுகோள்களின் எல்லை

சானமாவுக் காட்டை ஒட்டி ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். லாரியின் ஏர் பிரேக் தொட்டியில் காற்று சுமார் 8 பார் அழுத்தத்தில் இருக்கிறது. சிஎன்ஜி வண்டியின் சிலிண்டரில் 200 பார். எல்பிஜி டேங்கரில் இருப்பதோ பெரும்பாலும் திரவம். மூலக்கூறுகள் புள்ளி போன்றவை, ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை, மோதல்கள் முழு மீட்சி உடையவை என்று பதினொன்றாம் வகுப்பில் ஒப்பிக்கப்படும், வாயுக்களின் இயக்கவியற் கொள்கையின் எடுகோள்கள் இம்மூன்றுக்கும் ஒரே அளவில் பொருந்தா. இதனால் எடுகோள்களைக் குறை சொல்வதற்கில்லை. எந்த அழுத்தம் வரை செல்லும் என்று சொல்லாமல் அவற்றை இயற்கையின் விதிகளாகக் கற்பிக்கும் வழக்கம்தான் பிழை.

8 பாரில் மூலக்கூறுகள் அடைக்கும் இடம் மொத்தக் கொள்ளளவில் நூறில் ஒரு பங்குகூட வராது. புள்ளி என்றே வைத்துக் கணக்கிடலாம். சிஎன்ஜி சிலிண்டரின் 200 பார் மீத்தேனில் அது பத்தில் ஒரு பங்கை எட்டிவிடுகிறது. அங்கே ஈர்ப்பும் தலைகாட்டுவதால், நல்லியல்பு வாயுச் சமன்பாடு சொல்வதைவிட 15 முதல் 20 சதவீதம் அதிக வாயு சிலிண்டரில் அடங்குகிறது. எல்பிஜியில் கணக்கு அடியோடு விழுகிறது. ஈர்ப்பே இல்லாத வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. வீட்டிலுள்ள 14.2 கிலோ சிலிண்டரில் பாதி தீர்ந்தாலும், திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் பாதியாவதில்லை. அதனால்தான் மீதியை அறிய சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

1873-இல் வான்டர் வால்ஸ் திருத்தம் தந்தபின் பழைய எடுகோள்கள் எதற்கு என்று கேட்கலாம். அவர் திருத்தியதே நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைத்தான். ஈர்ப்பற்ற வாயுவின் கணக்கு கையில் இல்லாவிட்டால், விலகல் எவ்வளவு என்றே தெரிந்திருக்காது. மீட்சி மோதல் பற்றிய ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. நைட்ரஜன் மூலக்கூறு மோதும்போது வேக ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போகிறது. தனி மோதல் மீட்சியுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சமநிலையில் போவதும் வருவதும் சராசரியில் ஈடாகிவிடுவதால் அழுத்தக் கணக்கு தப்பிக்கிறது.

எல்லை சொல்லப்படாததன் விளைவு புவியீர்ப்பில் நன்றாகத் தெரிகிறது. அதைப் புறக்கணிக்கலாம் என்ற எடுகோள் ஒரு சிலிண்டருக்குள் மிகச் சரி. சென்னைக்கும் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூருக்கும் இடையே அதே எடுகோளை நீட்டினால், இரண்டு ஊரிலும் காற்றழுத்தம் ஒன்றே என்று விடை வரும். உண்மையில் ஓசூரில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு.