மரக்கிளையில் ஓடும் சாலை: செண்பகத்தோப்பில் சாம்பல் அணிலை ரசிப்பது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோபுரமும் பால்கோவாவும். ராஜபாளையம் என்றால் வெள்ளை நாயும் பஞ்சாலைகளும். மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் இந்த இரண்டு ஊர்களையும் கடக்கிறவர்கள், மேற்கே கூடவே வரும் மலையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நேரே குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் குழந்தைகளையும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு முதன்முதலாகக் காடு பார்க்கக் கிளம்பும் குடும்பத்துக்குத் தோதான இடம் இந்த அடிவாரம்தான். சிகரம் ஏற வேண்டியதில்லை, கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கப் பழகினால் போதும்.

அண்ணாந்து பார்க்க வேண்டியது சாம்பல் நிற மலை அணிலை. நரை அணில் என்றும் சொல்வார்கள். இந்த அணிலுக்காகவே 1988ஆம் ஆண்டு டிசம்பரில், சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக மாறியது. யானை, சிறுத்தை, உச்சிப் பாறைகளில் வரையாடு என்று பெரிய விலங்குகள் எல்லாம் உண்டு. புலியைப் பார்த்தே தீருவேன் என்று போகிறவர் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார். அணில் அப்படி ஏமாற்றாது. பகலில் நடமாடும், தனக்கென்று ஒரு மரக்கூட்டத்தை வைத்துக்கொண்டு அங்கேயே சுற்றும், கொஞ்சம் பொறுமை காட்டினால் கண்ணிலும் படும்.

ஜப்பானில் பனிச்சறுக்குப் பழகப் போகும் குடும்பங்கள் பலவும் பெயர்பெற்ற செங்குத்துச் சரிவுகளைத் தேடுவதில்லை. சின்ன மலையூரின் சாய்வு குறைந்த தளத்தில் காலையில் சறுக்கிவிட்டு, மதியத்தை வெந்நீரூற்றுக் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவிடுவார்கள். இந்த அடிவாரத்தில் அணில் பார்க்கப் போகும் செண்பகத்தோப்புக்கும் அதே கணக்கு சரிப்படும். காலையில் இரண்டு மணி நேரம் காடு, மிச்சப் பொழுது ஊர். இதற்கு மேல் திட்டம் போட்டால் மதியம் இரண்டு மணிக்கே குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்துவிடும்.

எந்த மாதம்?

இது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு காடு. ஜூன், ஜூலையில் அங்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் இந்தப் பக்க அடிவாரத்துக்குச் சாரல்தான் மிஞ்சும். இங்குள்ள ஓடைகளை நிரப்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அதனால் குற்றாலத்து சீசனை மனத்தில் வைத்து இங்கே வந்தால் கணக்குத் தவறும்.

ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், வெயில் இன்னும் முறுக்கேறியிருக்காது, புளி பழுக்கத் தொடங்கியிருக்கும். அதன்பின் காடு காய்ந்து, காட்டுத்தீ பயம் வந்துவிடும். ஆடி மாதத்தில் வருகிறவர்கள் அணிலை மறந்துவிட்டு ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரைப் பார்ப்பதே மேல். தேருக்கு வரும் கூட்டமும், சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகும் கூட்டமும் சேர்ந்தால் தங்க அறை கிடைப்பது பெரும்பாடு.

செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே ஆட்டோவில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. காப்பகப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு, அனுமதிக்கும் நேரங்களில் மட்டுமே போகலாம். மழை பெய்தாலோ யானை இறங்கியிருந்தாலோ வழியை மூடிவிடுவார்கள். முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் காலை அலைச்சல் மிச்சம்.

முதலில் மரம், பிறகு அணில்

புதிதாக வருகிறவர்கள் வந்ததும் அணிலைத் தேடத் தொடங்குவார்கள். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், ஒன்றும் தெரியாது. முதலில் பார்க்க வேண்டியது மரங்களின் உச்சியை. ஓடையை ஒட்டி மருது, நாவல், மா, புளி என்று உயர்ந்த மரங்கள் நிற்கும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடங்களைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால், தரையில் கால் வைக்காமல் ஓடைக்கரை நெடுகப் போய்வர ஒரு வழி இருப்பது புலப்படும். அணில் அந்த வழியில்தான் போகும், வரும், தின்னும், தூங்கும். தரைக்கு இறங்குவது மிக அரிது.

அடுத்தது கூடு. கிளைகள் சந்திக்கும் உயரத்தில், குச்சியும் இலையும் கொண்டு உருண்டையாகக் கட்டியிருக்கும். காக்கைக் கூடு மேலே திறந்திருக்கும், இது மூடியிருக்கும். ஓர் அணிலுக்கே பல கூடுகள் இருப்பதுண்டு. ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தப்பிக்கலாம் என்பதற்காகவே கிளைகள் பின்னிக்கிடக்கும் இடமாகப் பார்த்துக் கட்டுகிறது. குழந்தைகளைக் கூடு எண்ணச் சொன்னால் கண்கள் தானாக மேலேயே நிற்கும், வாயும் மூடியிருக்கும்.

மூன்றாவது, தரை. பாதி கொறித்த காய், கடித்துத் துப்பிய தோல், புதிதாக விழுந்த பச்சை இலை ஆகியவை ஒரே இடத்தில் சிதறிக் கிடந்தால் அதற்கு நேர் மேலே பார்க்க வேண்டும். இடைவிடாமல் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டால், அணில் ஆளை முதலில் பார்த்துவிட்டது என்று பொருள். அப்போது நகராமல் நிற்பது நல்லது. சிறிது நேரத்தில் அது தன் வேலையைத் தொடரும்.

கண்ணில் பட்டபின்தான் ரசனை தொடங்குகிறது. வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலின் எடை நூறு கிராம் சுற்றி இருக்கும், இது ஒரு கிலோவைத் தாண்டும். உடம்பின் நீளத்துக்குக் குறையாத வால். சாம்பல் உரோமங்களின் நுனி வெளுத்திருப்பதால் நரை விழுந்த தோற்றம். இதே மலையில் செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு மலை அணிலும் உண்டு. முதுகில் சிவப்பு தெரிந்தால் அது வேறு என்று வைத்துக்கொள்ளலாம்.

தின்பதைக் கவனிக்க வேண்டும். பின்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்கால்கள் இரண்டிலும் காயைப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிக் கொறிக்கும். அந்த நேரத்தில் வால் மறுபக்கம் தொங்கி எடையைச் சமன் செய்வதைப் பார்க்கலாம். மரம் விட்டு மரம் தாவும்போது அந்த வால் நேராக நீண்டுவிடும். காலை ஆறரை முதல் ஒன்பது வரையும், வெயில் தாழ்ந்த பின்பும்தான் இந்தக் காட்சிகள். நடுப்பகலில் கிளைமேல் கைகால்களைப் பரப்பிப் படுத்துவிடும், பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று குடும்பத்துக்குப் போதும். பளிச்சென்ற உடைகளையும் பாட்டுப் போடும் செல்போனையும் அறையிலேயே விட்டுவிடலாம். தின்பண்டம் எதையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அணில் வராது, குரங்கு வந்துவிடும்.

இடைவெளி என்ற ஆபத்து

இந்த அணில் உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும்தான் வாழ்கிறது. 1769இல் தாமஸ் பென்னன்ட் இதை முதன்முதலாக விவரித்தார். கேரளத்தின் சின்னாறு சரணாலயமும் இதற்குப் பெயர்பெற்ற இடம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் இதை ஆராய்ந்தவர்களில் ஏ.ஜே.டி. ஜான்சிங் குறிப்பிடத்தக்கவர். பக்கத்துச் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துவிட்டு, பிறகு பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் அவர். ஆய்வாளர் ஜோஷுவாவுடன் சேர்ந்து அவர் 1994இல் வெளியிட்ட கட்டுரை, மனித நடமாட்டமும் மரம் வெட்டுதலும் இந்த அணிலின் வாழிடத்தை என்ன செய்கின்றன என்பதைப் பேசியது. ஓடைக்கரையில் நடுவே ஒரு பெரிய மரம் போனால் மேலே இருக்கும் வழி அறுந்துபோகும். அணில் தரையில் இறங்க நேரும், தரையில் நாயும் சிறுத்தையும் உண்டு. உச்சிக் கிளைகளைத் தொடர்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெட்டுப்பட்ட இடமும் உடனே தெரியும்.

மிச்சப் பொழுது

முதல் நாள் மாலையை ஆண்டாள் கோயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். வடபத்ரசாயி சந்நிதியின் பதினோரு நிலைக் கோபுரம் 190 அடிக்கு மேல் உயரம். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை ஒவ்வொரு நாளும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள், அலகு மாதுளம் பூ. காட்டில் பச்சைக் கிளியைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளிடம் இதைக் காட்டிக் கேள்வி கேட்க விடலாம்.

இரண்டாம் நாள் ராஜபாளையம் பக்கம். ஊருக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோயில், அதையொட்டி ஆறு, அதற்கு மேலே அருவி. கோயில் வரை முதியவர்களும் வரலாம். ஆற்றில் கால் நனைக்கலாம், ஆனால் மலை முகட்டைப் பார்த்துக்கொண்டே. கோயிலில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து, வெள்ளம் சட்டென்று இறங்குவது இந்த ஆற்றின் இயல்பு. முகட்டில் கருமேகம் கட்டினாலோ தண்ணீர் கலங்கினாலோ உடனே கரையேறிவிட வேண்டும். வனத்துறை தடை போட்ட நாளில் அருவிப் பக்கம் போகவே கூடாது.

பால்கோவாவைக் கடைசியில் வாங்குவதே சரி. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத பண்டம், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அன்று கிண்டியதா என்று கேட்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, மணல்மணலாகக் கரைந்தால் வாங்கலாம். சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்குச் செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை ரயில் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் முன்னிரவில் நிற்கும். தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களில் அதில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், அறை பிடிப்பதற்கு முன் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.