கோல் காணாத கண்

அலுவலகத்துக்கு வெளிர் பழுப்பு, விருந்துக்குப் புகைக்கருமை: ஐ ஷேடோ பாடங்கள் தோற்றங்களைப் பார்க்கப்போகிறவரை வைத்தே வகுக்கின்றன. இமை மடிப்பில் அடர்நிறம், நடுவில் வெளிர்நிறம் என்று பூசியது முழுதாகத் தெரிவது இமை மூடும்போதுதான்; பூசியவளுக்கு அது தெரியாது. ‘ஸ்கின் டோன்’ எனப் பெயரிட்ட வெளிர்நிறம் கருத்த இமையில் சாம்பல் பூத்து நிற்கும், பழியோ தோலுக்கு.

குறள் 1285-இன் தலைவி, மை தீட்டும்போது கோலைக் காணாத கண்ணைப்போல, கணவனைக் கண்டதும் அவன் குற்றம் தனக்குத் தெரிவதில்லை என்கிறாள். 1127-இன் தலைவியோ, கண்ணுக்குள் இருக்கும் காதலன் மறைந்துவிடுவான் என்று மையே தீட்டுவதில்லை. தீட்டினாலும் விட்டாலும் கண் அவனுக்கே.

கோல் நம் கையில்தான் இருக்கிறது. பிடித்த மயில்நீலத்தைத் திங்கட்கிழமை வகுப்புக்கும் பூசிப் போகலாம். பாடங்கள் அந்தத் தோற்றத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.