நாலு கதவு ஜன்னல்

வீதியை ஒட்டிய வீட்டில் வெளிச்சமும் வேண்டும், வழிப்போக்கர் பார்வையும் உள்ளே விழலாகாது என்னும் இரட்டைக் கவலைக்கு நம் பழைய தச்சர்கள் கண்ட பரிகாரங்களுள் என் மனத்துக்கு மிக உவந்தது, கம்பிகளுக்கு உட்புறமாக மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கதவுகள் பொருத்திய தேக்கு ஜன்னலேயாகும். கீழ்க் கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்துவிட்டால், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் அந்தரங்கம் காக்கப்படுவதோடு, உயரத்திலிருந்து இறங்கும் ஆகாய வெளிச்சம் அறையின் பின்சுவர் வரையில் தாராளமாகப் பிரவேசிக்கிறது.

புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளில் காணும், சாய்வான மெல்லிய பலகைகளை அடுக்கிய கதவுகளும் அழகுதான். மூடிய நிலையிலும் காற்றை அனுமதிக்கும் அந்தச் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பகலில் புத்தகம் படிக்க விரும்புகிறவர் நாலு கதவையே நாடவேண்டும்.

செய்யச் சொல்லுமுன் இரண்டு அளவுகளைக் கவனிப்பது அவசியம்: கீழ்க் கதவின் மேல்விளிம்பு வீதியில் நடப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும், கதவின் அகலம் சுவரின் கனத்துக்குள் அடங்கினால், திறந்த கதவு அறைக்குள் நீட்டி நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் பாட்டி வீட்டு ஜன்னலில், ஓயாமல் சுழன்ற இரும்புக் கொண்டி, தேக்கில் பிறைபோல் ஒரு பள்ளம் தேய்த்திருந்தது. வாசலில் குரல் கேட்டதும் பாட்டி கீழ்க் கதவை இரண்டு விரற்கடை மட்டும் திறந்து, வந்தவர் யாரென்று பார்ப்பாள்.