ஸ்ரீ பங்கோங் முதல் இயக்குநர் வரை

1870களில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து கொட்டகை போட்டன. அந்தப் பாட்டையும் ஜரிகை உடையையும் திரைச்சீலையையும் பார்த்த உள்ளூர்க்காரர்கள் அதே பாணியில் மலாய் மொழியில் ஆடத் தொடங்கினார்கள். அந்த நாடகம்தான் பங்சாவான். 1885 வாக்கில் மாமாக் பூஷியும் பாய் காசிமும் நடத்திய ‘பூஷி இந்திரா பங்சாவான்’ அப்படிப் பெயர்பெற்ற குழு. நம் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) மேடைக்கும் பார்சி நாடகத்தோடு உறவுண்டு. அந்த வகையில் பங்சாவான் நமக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

பங்சாவானின் கதாநாயகிக்கு ‘ஸ்ரீ பங்கோங்’ என்று பெயர். முழுப் பிரதி கிடையாது. கதைச் சுருக்கத்தைச் சொல்லி மேடையேற்றிவிடுவார்கள். அரண்மனைத் திரையா, காட்டுத் திரையா என்று பார்த்து வசனத்தை அவளே அங்கேயே கட்ட வேண்டும். சோகத்துக்கு எந்தப் பாட்டு, பிரிவுக்கு எது என்பதும் நாவிலேயே இருக்க வேண்டும். பின்னால் காட்சி மாறும்வரை, முன்திரைக்கு வெளியே ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ ஆட்டமும் பாட்டும் நடக்கும். என் பார்வையில் இது பாதி இயக்குநர் வேலை. ஆனால் கல்லாப் பெட்டியும் குழுவின் பெயரும் பெரும்பாலும் முதலாளியான ஆணிடமே இருந்தன.

அந்தக் கோட்டைத் தாண்டியவர் தேவி ஜா. 1914இல் ஜாவாவில் பிறந்தவர். தாத்தாவின் சிறு குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய சிறுமி. 1926இல் ஜாவாவில் ‘டார்டனெல்லா’ நாடகக் குழுவைத் தொடங்கிய ஏ. பியெட்ரோ ரஷ்ய வம்சாவளியினர், பிறந்தது பினாங்கில். அந்தக் குழுவில் சேர்ந்து முன்னணி நடிகையாகி, பியெட்ரோவையே மணந்தார் ஜா. 1930களின் நடுவில் குழு மலாயா, இந்தியா என்று கடல் கடந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது: மலாய் தெரியாத ஊர்களில் வசனம் யாருக்கும் புரியவில்லை. வசனம் குறையக் குறைய நடனம் முன்னுக்கு வந்தது. 1939இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த குழுவை உலகப்போர் அங்கேயே நிறுத்திவிட்டது. அதன்பின் ஆட்டத்தை அமைப்பது, ஆட்களைப் பழக்குவது, குழுவைத் தாங்குவது எல்லாம் ஜாவின் தலையில். சிகாகோவில் ‘சரோங் ரூம்’ என்ற அரங்கு விடுதியை நடத்தினார். ஹாலிவுட் படங்களின் நடனக் காட்சிகளிலும் அவர் கை உண்டு. 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் மறைந்தார். நட்சத்திரமாக அவரைக் கொண்டாடுகிறவர்கள் பலர். நான் மதிப்பது கையில் ஒன்றுமில்லாத அந்த அமெரிக்க ஆண்டுகளின் ஜாவை.

தமிழில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். மேடையிலிருந்து திரைக்குப் போன டி. பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கினார். இவர்களை அபூர்வப் பிறவிகளாகவே பேசிப் பழகிவிட்டோம். அவர்கள் எப்படி ஒத்திகை நடத்தினார்கள் என்று கேட்பாரில்லை.

இன்றைய மலேசியாவில் இந்தப் பாதை அகன்றிருக்கிறது. நடிகை ஃபரிடா மெரிக்கன், கணவர் ஜோ ஹாஷாமோடு 1989இல் ‘ஆக்டர்ஸ் ஸ்டூடியோ’வைத் தொடங்கினார், பினாங்கின் ‘பினாங்பேக்’ அரங்கம் அந்த உழைப்பின் தொடர்ச்சி. தியாரா ஜாக்குலினா 2004இல் ‘புத்ரி குனோங் லேடாங்’ படத்தின் நாயகி. 2006இல் அதே கதையை இசை நாடகமாகத் தயாரித்து, தானே நடித்தார். இயக்கம் வேறு கைகளில் இருந்தது. 2018இல் ‘ஓலா போலா’ இசை நாடகம் இஸ்தானா புடாயா அரங்கில் ஏறியபோது இயக்குநர் அவரே. கோல்கீப்பர் முத்து உள்ள கால்பந்துக் கதை அது. நடிப்பு, தயாரிப்பு, பிறகு இயக்கம் என்று படிப்படியாக வந்ததால்தான் இவ்வளவு பெரிய மேடையை அவரால் ஆள முடிந்தது என்று நினைக்கிறேன்.

பினாங்கில் ஜேனட் பிள்ளை பிடித்த வழி வேறு. ‘ஆர்ட்ஸ்-எட்’ அமைப்பின் மூலம் இளையோரையே ஆய்வுக்கு அனுப்பினார். அவர்கள் பெரியவர்களிடம் கேட்டு வந்ததைப் பாட்டும் ஆட்டமுமாக்கினார். 2006இன் ‘கிசா புலாவ் பினாங்’ அப்படி உருவானது. அதற்கு நடனம் அமைத்தவர் அய்டா ரெட்சா. இசைப் பொறுப்பு, பங்சாவானின் வரலாற்றை எழுதிய தான் சூய் பெங்கிடம். மலைக்கு அப்பால் டுரியானும் ஜாதிக்காயும் விளையும் பாலிக் புலாவிலும் ஆர்ட்ஸ்-எட் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் ஊரையே ஆராய வைத்தது. அங்கே ஸ்ரீ பங்கோங் என்று ஒருத்தியைத் தனியே நிறுத்தவில்லை. கதை தேடுவது, பாட்டுக் கட்டுவது, அசைவு அமைப்பது எல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பழக வேண்டிய வேலை என்கிறது இந்த முறை.