நேர்த்திக்கடன் இல்லாத நடை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்வரை நடக்கப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: "என்னட்டி நேத்திக்கடன்? எங்கிட்ட சொல்லவே இல்லியே." அப்படி எதுவும் இல்லை, சும்மாதான் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சாமிக்காக நடக்கலாம். சும்மா நடக்கிறவளை என்னவென்று சொல்வது?

வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. 2012இல் திறந்தார்கள். முதுகில் கூடாரத்தைச் சுமந்து, இரவில் அதை விரித்துப் படுத்து, வாரக்கணக்கில் நடக்கிறவர்களில் தனியே போகும் பெண்களும் உண்டு. அந்த நடைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பொறாமை வருவது பாதையின்மேல் அல்ல, கூடாரத்தின்மேல்தான். உள்ளிருந்து ஜிப்பை இழுத்துவிட்டுத் தூங்க முடிகிறதே!

நம் இலக்கியக் கரையில் பெண் நிற்கிறாள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். தலைவன் போவான், அவள் கானலில் வருந்துவாள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' எனக்கு மிகவும் பிடித்த நாவல். பிலோமியின் மனசுக்குள் அவ்வளவு மென்மையாகப் போக எத்தனை பேரால் முடியும்? ஆனாலும் அவளுக்குக் கரை என்பது சாமிதாஸைச் சந்தித்து இழக்கிற இடம். அவளுடைய பக்குவத்தை வாசகர்கள் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். எழுந்து நடந்து போயிருந்தால் அவளை இப்படிக் கொண்டாடியிருப்போமா?

இதே கரைக்கு நேரில் வந்து எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். 'அலைவாய்க் கரையில்' மீனவர் வாழ்க்கை; அதையடுத்து வந்த 'கரிப்பு மணிகள்' உப்பளத் தொழிலாளர் வாழ்க்கை. அவர் நாவல்களைக் கள அறிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சில பக்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில்தான் பெண்ணின் கால் நகர்கிறது. பொன்னாச்சி நிலவைப் பார்த்து ஏங்குவதற்காகக் கடலோரத்துக்கு வரவில்லை, கூலிக்கு வருகிறாள். அவள் பயப்படுவதும் கடலுக்கு அல்ல, மேலே நிற்கிற ஆணுக்கு.

நடந்தபோது இது இன்னும் தெளிவாகப் புரிந்தது. முதலில், கடலே கண்ணில் படவில்லை. துறைமுகம், அனல்மின் நிலையம், பிறகு முள்ளக்காடு தொடங்கிப் பழையகாயல்வரை உப்பளங்கள். கரையை ஒட்டியே போகலாம் என்றால் புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. நடக்கிறவர்கள் உள்ளே திரும்பி முக்காணிப் பாலத்தில்தான் ஏற வேண்டும். வெயில் ஏறுமுன் பாத்திகளில் இறங்கியிருந்த பெண்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒதுங்க ஒரு மறைவு இல்லாத வெள்ளை வெளி அது. காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்காமல் நடப்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு அது தினப்படி வழக்கம்.

தைப்பூச நேரம். பச்சைச் சேலை கட்டிய பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். பாத யாத்திரையைப் பெண்ணடிமைத்தனம் என்று சுலபமாக எழுதிவிடலாம். முன்பு நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் வீட்டை விட்டு இரண்டு நாள் வெளியே வந்து, ரோட்டோரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு காலை நீட்டிப் படுக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே அனுமதிச்சீட்டு அந்தப் பச்சைச் சேலைதான். அதற்கும் விலை உண்டு. தீட்டைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதாக ஒரு பெண் ரகசியம்போலச் சொன்னாள்.

ஆத்தூர் தாண்டி இருட்டிவிட்டது. பையில் கூடாரம் இருந்தது, இரவல் வாங்கியது. அதைத் தனியே விரிக்கத் துணியாமல் ஒரு கல்யாண மண்டப வாசலில் பச்சைச் சேலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூத்தவள் ஒருத்தி கேட்டாள்: "உனக்கு என்ன நேத்திக்கடன்மா?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல," என்றேன்.

அவள் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.