டயருக்காக எழுந்த வண்டி

பிக்கப் வண்டியை உயர்த்திக் கட்டும் கலையில் ஐஸ்லாந்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். அமெரிக்காவில் இதற்குப் பெரிய சந்தை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முடிவில்லாத பாலைவழிகள் இருக்கின்றன. ஆனால் எதற்காக உயர்த்துகிறோம் என்பதை ஒரு கணமும் மறக்காமல் வேலை செய்பவர்கள் ஐஸ்லாந்துப் பட்டறைக்காரர்கள்தான். அங்கே 1990-ல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் தன் வண்டிகளுக்கு வைக்கும் பெயர்களைப் பாருங்கள்: ஏடி35, ஏடி38, ஏடி44. அந்த எண் டயரின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். வண்டியை எவ்வளவு தூக்கினார்கள் என்பது பெயரில் எங்குமே கிடையாது.

அந்தப் பெயர்முறைக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. கல்லும் கரடும் நிறைந்த வழியில் முதலில் இடிபடுவது பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் கிரவுன் உருண்டை. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அந்த உருண்டை தரையிலிருந்து ஒரு நூல்கூட எழாது. ஸ்பிரிங் தூக்குவது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சேஸையும் பாடியையும் மட்டுமே. ஆக்ஸிலைத் தூக்க டயரால்தான் முடியும். ஹைலக்ஸ் பிக்கப்பில் வரும் 265/65 ஆர்17 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 38 அங்குல டயருக்கு 965. வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கிரவுன் உயர்கிறது. இவ்வளவு பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் சஸ்பென்ஷனில் கை வைப்பது.

ஐஸ்லாந்தில் இந்த டயர் கல்லைவிடப் பனிக்கே அதிகம் பயன்படுகிறது. லாங்யோகுல், வட்னயோகுல் போன்ற பனிப்பாறைகளின் மேல் குளிர்காலத்தில் ஏறும்போது டயர்க் காற்றை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிடுகிறார்கள். தார்ச்சாலையில் அதைப்போல் பத்து மடங்குக் காற்று இருக்கும். காற்று இறங்கியதும் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, தரையைத் தொடும் பகுதி நீண்டுகொண்டே போகும். அகலத்தில் பெரிய மாற்றமிருக்காது, வளர்ச்சியெல்லாம் நீளத்தில்தான். தரையின்மேல் டயர் தரும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், இரண்டு டன் வண்டி அப்போது பனியை அழுத்துவது, இரு கால்களையும் ஊன்றி நிற்கும் ஒரு மனிதன் அழுத்தும் அளவுதான். நடக்கும்போது ஒற்றைக் காலில் முழு எடையும் இறங்கும். ஆகவே வண்டியிலிருந்து இறங்கியவன் முழங்கால் வரை புதையும் பனியில் வண்டி மேலேயே மிதந்து போகலாம். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் இருக்க, விளிம்பைப் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு, போல்ட் போட்ட வளையத்தால் கவ்வ வைப்பவர்களும் உண்டு.

டயருக்கு இடம் தேடும் இடத்தில்தான் ரசனை தெரியவரும். சுலபமான வழி, டயர் உரசாத வரை வண்டியைத் தூக்கிக்கொண்டே போவது. தூக்கத் தூக்க எடை மேலேறும், வளைவில் வண்டி சாயும், பக்கச் சரிவில் கவிழ்கிற பயம் கூடும். ஐஸ்லாந்துக்காரர்கள் முதலில் எடுப்பது வெட்டும் கருவி. மட்கார்டின் தகட்டை வெட்டி, உள்தகட்டோடு சேர்த்து மறுபடி வெல்டிங் வைத்து, வெளியே அகலமான ஃபைபர் விளிம்பைப் பொருத்துகிறார்கள். தேவைப்பட்டால் முன் ஆக்ஸிலைச் சற்று முன்னேயும் பின் ஆக்ஸிலைப் பின்னேயும் நகர்த்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகு போதாத அளவுக்குத்தான் உயர்த்துவது. ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுக்கே வேட்டியை மடித்துக் கட்டுவோமே, அந்த அளவு பார்க்கும் குணம் இது.

நல்ல பட்டறையில் நடக்கும் ஒரு சோதனையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்சக்கரத்தின் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, புது டயரை மாட்டி, கீழே ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை மட்டும் மெதுவாக மேலே ஏற்றுவார்கள். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் எந்த எல்லைவரை போகுமோ அந்த பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும்வரை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புவார்கள். ஒருவர் டயருக்கும் தகட்டுக்கும் நடுவே விரலை விட்டு இடைவெளி பார்ப்பார். ஹைலக்ஸில் பெரும்பாலும் முட்டுவது முன்சக்கரத்துக்குப் பின்னால், கேபின் சேஸோடு சேரும் தாங்கியின் மூலை. அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, மூலையை அறுத்து, வெட்டுவாயைத் தடித்த தகடு வைத்து மூடி, மறுபடியும் ஏற்றித் திருப்பிப் பார்ப்பார்கள். நின்ற நிலையில் அழகாகத் தெரியும் வண்டிகள் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

உயர்த்திய பிக்கப் எதைக் கண்டாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன்சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்ட்டின் சாய்வைத்தான். ஹைலக்ஸின் முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையத்தை வைத்து உயர்த்திவிட்டால் கீழ் ஆர்ம் சாய்கிறது, ஷாஃப்ட்டும் கூடவே அதிகமாகச் சரிகிறது. ஜாயிண்ட் தன் வரம்புக்கு அருகிலேயே சுழன்று சுழன்று கிரீஸ் உறை சீக்கிரம் கிழியும். மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். காஸ்டர் எனப்படும் ஸ்டியரிங் அச்சின் சாய்வு குறையும், வளைவு முடிந்ததும் தானே நேருக்குத் திரும்ப வேண்டிய ஸ்டியரிங் திரும்பாமல் தொளதொளவென்று கிடக்கும். தேர்ந்த கை இரண்டு அங்குலத்துக்குமேல் போக நேர்ந்தால் மேல் ஆர்மை மாற்றும். முன் டிஃப்ரன்ஷியலையும் கீழ் ஆர்ம் பிடிக்கும் இடங்களையும் சேர்த்தே கீழிறக்கி, ஷாஃப்ட் பழைய சாய்வுக்கே வரும்படி செய்யும். அப்படிச் செய்த வண்டியின் அடியில் பார்த்தால் எல்லாம் கம்பெனி வைத்த கோணத்திலேயே இருக்கும். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், வேலை எளிது. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே உயரமான கட்டை வைத்து நீள யூ போல்ட் போடுகிறவர்களை நான் ஏற்பதில்லை. அப்படிக் கட்டை வைத்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டையை வளைக்கும். வளைவு கூடிய புதுப் பட்டை செட் போடுவதே முறை.

கணக்கிலும் அழகு உண்டு. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும், இழுவை குறையும். பழைய ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 99-ல் போகும். ஆக்ஸிலின் கிரவுன் பற்சக்கரத்தில் 43 பல், அதைச் சுழற்றும் பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.909. 776-லிருந்து 965-க்குப் போன டயருக்கு அதே இழுவை வேண்டுமானால் 4.86 தேவை. 39-க்கு 8 பல் வைத்த செட்டில் கிடைப்பது 4.875. இவ்வளவு கிட்டத்தில் வந்து பொருந்தும்போது, மாற்றியது எதுவுமே இல்லை என்பதுபோல் எஞ்சின் தன் பழைய தாளத்திலேயே ஓடும். பிரேக் மட்டும் பழையபடி இராது. கனமான டயரை நிறுத்த அதற்கும் பலம் கூட்ட வேண்டும்.

இந்த நிதானத்துக்கு நேர் எதிரான ஒன்றும் உலகில் இருக்கிறது. அமெரிக்காவின் கரோலினா பக்கத்தில் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்துவது வழக்கமாகியது. விளக்கு வானத்தைப் பார்க்கும், ஓட்டுகிறவருக்கு மூக்கின் முன்னால் இருக்கும் சாலை தெரியாது. முன் மட்கார்டு பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று வட கரோலினா 2021 டிசம்பரில் தடை கொண்டுவந்தது. சரியான சட்டம்.

பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சிக்காக ஆர்க்டிக் டிரக்ஸ் கட்டிய ஹைலக்ஸ் 2007-ல் கனடாவின் ரெசல்யூட்டிலிருந்து கடல் பனியின் மேல் ஓடி, காந்த வட துருவம் 1996-ல் இருந்த இடத்தைப் போய்ச் சேர்ந்தது. போட்டிருந்தது 38 அங்குல டயர். பிறகு 44 அங்குல டயரோடு, ஆறு சக்கரத்தோடெல்லாம் ஹைலக்ஸ்கள் அண்டார்டிகாவுக்குப் போயின. வாரக்கணக்கில் டீசலும் சாமான்களும் சுமக்கும் அந்தப் பயணங்களுக்கு 44 வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் 38-தான். சனிக்கிழமை நான்கு பேரோடு பனிப்பாறை ஏறிய வண்டி, கம்ப்ரஸரில் காற்றை நிரப்பிக்கொண்டு, திங்கட்கிழமை அதே நான்கு பேரை ரெய்க்யாவிக்கில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய் விடுகிறது. 44-ஐ வைத்துக்கொண்டு அந்த நகரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் பாடு.