வெள்ளோட்ட விதிகளும் பாத்திரக் குறிப்பேடும்

ஆட்டம் எதுவாயினும் அதன் உயிர் விதியே. சதுரங்கத்தில் குதிரை செல்லும் வழியை ஆடுவோர் இருவரும் ஒருபடித்தாக அறிந்திராவிடின் அங்கே ஆட்டம் நிகழாது. மரக்காய்களை இடம் மாற்றுதலே நிகழும். ஆயினும் விதிக்கும் ஆடுவோருக்கும் உள்ள தொடர்பு எல்லா ஆட்டங்களிலும் ஒரே தன்மைத்தன்று. சதுரங்க ஆட்டம் முடிந்ததும் காய்கள் பெட்டிக்குள் செல்கின்றன. நாளை விதி மாறினும் நேற்றைய ஆட்டத்துக்கு யாதொரு தீங்கும் இல்லை. பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டமோ மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் ஒரே ஆட்டமாகத் தொடரும் இயல்பினது. அங்ஙனம் தொடரும் ஆட்டத்தின் நடுவே விதி மாறுமாயின் யாது செய்தல் தகும்? அவ்விதி கணினியினுள்ளே பொதிந்திருக்குமாயின், மாற்றத்தை ஏற்கும் உரிமை யாருடையது? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில கூறுதல் வேண்டும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் இயற்றி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முதல் நூலாகும். நால்வர் ஐவர் மேசையைச் சூழ்ந்திருப்பர். அவருள் ஒருவர் கதையை நடத்துபவராகவும் நடுவராகவும் அமைவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பாத்திரத்தின் வலிமை, கற்ற வித்தை, கைப்பொருள், பட்ட காயம் அனைத்தும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படும். ஐயப்பாடான செயல்களின் வெற்றி தோல்வியை இருபது முகக் கவறு தீர்க்கும். நூல் கூறும் விதி ஒரு மேசைக்குப் பொருந்தாவிடின் அதனை மாற்றவும் தள்ளவும் நடுவருக்கு உரிமை உண்டு. இவ்வுரிமை நடுவர் தாமாக எடுத்துக்கொண்டதன்று. இவ்வாட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகத் தொடக்கம் முதல் இருந்து வருவது.

புதிய விதிகளை அச்சேற்றுமுன் பொதுமக்களிடம் கொடுத்து ஆடச்செய்து பார்க்கும் வழக்கம் இந்நூற்றாண்டில் வலுப்பெற்றது. பைசோ நிறுவனத்தார் தமது ‘பாத்பைண்டர்’ விதிநூலை 2009இல் வெளியிடுமுன், 2008இல் அதன் வரைவுகளை எல்லோர்க்கும் வழங்கினர். விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனத்தார் 2012 மே மாதம் தொடங்கி நடத்திய பொதுச் சோதனையில் 1,75,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றினர் என்று 2014ஆம் ஆண்டு விதிநூலிலேயே நன்றி கூறப்பட்டுள்ளது. 2015 முதல் ‘அன்ஏர்த்ட் ஆர்க்கானா’ என்னும் பெயரில் அந்நிறுவனத்தார் வரைவு விதிகளை அவ்வப்போது வெளியிட்டு, வினாக்கொத்து வாயிலாக ஆடுவோர் கருத்தைக் கேட்டு வருகின்றனர்.

இச்சோதனைக்குத் தமிழில் வெள்ளோட்டம் என்னும் பெயர் நன்கு பொருந்தும். புதிதாகச் செய்த தேரைச் சுவாமி எழுந்தருளும் நாளுக்கு முன்னரே வீதியில் இழுத்துப் பார்க்கின்றோம். அச்சு முறியுமா, சில்லு திரும்புமா என்பது பட்டறையில் வைத்து அறியத்தக்கதன்று, வீதியிலேதான் தெரியவரும். வெள்ளோட்டத்தில் ஒரு குறை வெளிப்படின் அது சிற்பாசாரியாருக்கு இழுக்கன்று. வெள்ளோட்டம் தன் பயனைத் தந்தது என்பதே பொருள்.

விதிகளின் வெள்ளோட்டத்திலும் இதனைக் காணலாம். 2022 ஓகஸ்ட் மாதம் வெளியான முதல் வரைவில், கவறு இருபது காட்டும்போது கிடைக்கும் இரட்டிப்புச் சேதம் ஆயுதத் தாக்குதலுக்கும் வெறுங்கைத் தாக்குதலுக்குமே உரியது, மந்திரத் தாக்குதலுக்கு இல்லை எனக் கூறப்பட்டது. அடுத்த மாதம் வெளியான வரைவிலே பழைய விதி மீண்டது. 2023 பெப்ரவரி வரைவில், விலங்குருக் கொள்ளும் ட்ரூயிட் பாத்திரத்துக்குப் பல்வகை விலங்குகளின் தனித்தனிக் கணக்குகளை நீக்கி, ஒருசில பொது அச்சுக்களைக் கொடுத்துப் பார்த்தனர். ஆடுவோர் அதனை விரும்பவில்லை. 2024இல் வெளிவந்த நூலில் விலங்குகளின் தனிக்கணக்கே நிலைபெற்றது. பாத்பைண்டரின் இரண்டாம் பதிப்புக்கென 2018இல் நடந்த சோதனையில் மாயப்பொருள்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு புள்ளிமுறை புகுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டு நூலில் அது இல்லை. மனவலிமையைக் கருவியாகக் கொண்ட ‘மிஸ்ரிக்’ என்னும் முழுத்தொழில் 2017இல் விரிவான வரைவாக வெளிவந்தும் நூலேறாமலே கைவிடப்பட்டது. கொள்ளத் தக்கது கொள்ளப்பட்டதும் தள்ளத் தக்கது தள்ளப்பட்டதும் இம்முறையின் சிறப்பேயாகும்.

எனினும் தேர் வெள்ளோட்டத்துக்கும் விதி வெள்ளோட்டத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தேரை முதலில் இழுத்துப் பார்ப்பது சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன்னர். விதிச் சோதனையில் ஈடுபடுவோரோ, தாம் பன்னாள் வளர்த்த பாத்திரத்தையே அந்தச் சோதனைத் தேரில் ஏற்றிவிடுகின்றனர். உண்மையான ஆட்டத்தில் ஆடிப் பார்த்தாலன்றி விதியின் இயல்பு தெரியாதாகையால் இஃது அவர்மேற் குற்றமன்று. ஆகவே தேரைப் பிரிக்கும் நாளில் மேலே வீற்றிருக்கும் பாத்திரத்தின் கதி யாது என்னும் வினா எழுகின்றது.

வரைவுகள் தாளில் மட்டும் இருந்தபோது இவ்வினா அத்துணைக் கடுமையுடையதன்று. பழைய தாள் ஆடுவோன் கையிலேயே இருந்தது. புதிய வரைவு வந்தபோது அவனும் நடுவரும் கூடிப் பேசி, மாறுவதா நிற்பதா எனத் தீர்மானித்தனர். பதிப்பகத்தார் எவரும் வீடு புகுந்து தாளைக் கிழித்ததில்லை. கணினிக் குறிப்பேடு இந்நிலையை மாற்றிவிட்டது. 2017இல் தொடங்கி, 2022இல் 14 கோடி 63 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஹாஸ்ப்ரோ நிறுவனத்தாரால் வாங்கப்பட்ட ‘டி அன்ட் டி பியொண்ட்’ தளத்தில், விதி வெறும் வாசகமாக இராமல் கணக்கிடும் பொறியாகவும் உள்ளது. பாத்திரம் இன்ன மந்திரம் கற்றது என்று குறித்த அளவில், சேதம், தூரம், பயன்படுத்தும் தடவை யாவற்றையும் அப்பொறியே நிரப்புகின்றது.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. குறிப்பேட்டில் ஒரு விதி இடம்பெறும் முறை இருவகைப்படும். விதியைப் பார்த்தெழுதிய படி குறிப்பேட்டில் இருத்தல் ஒன்று. நடுக்களஞ்சியத்தில் உள்ள விதியைச் சுட்டும் குறி மட்டும் இருத்தல் மற்றொன்று. முதல்வகையிற் களஞ்சியம் மாறினும் குறிப்பேடு மாறாது. இரண்டாம் வகையிற் களஞ்சியத்தில் ஒரு சொல் மாறிய கணமே ஆயிரமாயிரம் குறிப்பேடுகள் அவற்றின் உடையோர் அறியாமலே மாறிவிடும். பிழைதிருத்தத்துக்கு இரண்டாவது முறை எளிது. ஆட்டத்தின் தொடர்ச்சிக்கு முதலாவது முறை காவல். விதிமாற்றத்தைக் கையாளும் முறைகளுக்குள் காணப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே கிளைப்பன.

இப்பொழுது நடைமுறைகளை மதிப்பிடுவாம். சோதனை முடிந்த பகுதிகளைப் புதியோர் தெரிந்தெடுக்க இயலாதவாறு ஒதுக்கி, முன்பே தெரிந்தெடுத்தோர் குறிப்பேட்டில் மட்டும் இருக்கவிடுதல் பியொண்ட் தளத்தின் தொடக்ககால வழக்கம். வாயிலை மூடி, உள்ளிருப்போரை வெளியேற்றாத முறை இது. ஒரு குறை யாதெனில், அப்பகுதியைத் தவறுதலாக நீக்கியவன் மீண்டும் அதனைச் சேர்க்க இயலாமையாம். எனினும் இம்முறை பண்புடையது என்பதில் ஐயமில்லை. 2022இல் பழைய நூல்கள் இரண்டுக்குப் பதிலாகப் புதிய தொகுப்பொன்று வந்தபோதும், அந்நூல்களின் விற்பனையை நிறுத்திய நிறுவனத்தார், முன்பு வாங்கியோரிடமிருந்து அவற்றைப் பறிக்கவில்லை. ‘மரபுவழி வந்தது’ என்னும் பொருள்படும் அடையாளம் இட்டு வைத்தனர்.

இதற்கு மாறானது 2024 ஓகஸ்டில் நிகழ்ந்தது. வெள்ளோட்டம் விடப்பட்ட விதிகள் புதிய நூலாக வெளிவரும் வேளை அது. குறிப்பேடுகளில் உள்ள 2014ஆம் ஆண்டு மந்திரங்களினதும் மாயப்பொருள்களினதும் இடத்தில் புதியனவே அமையும் எனவும், பழையன வேண்டுவோர் அவற்றைத் தாமே மீள எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய நூலின் விதியைத் தாமே கையால் மீள எழுத வேண்டிய நிலை கண்டு ஆடுவோர் கொதித்தெழுந்தனர். சில நாட்களுள் நிறுவனத்தார் தமது முடிவை மாற்றி, பழையனவும் குறிப்பேட்டில் நிலைக்கும் என அறிவித்தனர்.

இந்நிகழ்ச்சியைப் பணத்தகராறு என்று மட்டும் கொள்ளுதல் மேற்போக்கான நோக்காகும். புதிய மந்திரங்களுட் பல பழையவற்றினும் திருத்தமானவை என்பதை எதிர்த்தோரிற் பலரும் மறுக்கமாட்டார். பாதி நடந்த ஆட்டத்தில் நடுவரும் ஆடுவோரும் தீர்மானிக்க வேண்டியதை, மேசையில் இல்லாத ஒருவர் தீர்மானித்தமையே அவர்களை வருத்தியது. நூல் சொல்ல, மேசை தீர்ப்பது என்னும் பழைய மரபு அங்கே தலைகீழாயிற்று.

மூன்றாவது முறைக்கு 2020இல் வெளியான ‘பவுண்டரி’ என்னும் மென்பொருள் சான்றாகும். அதில் களஞ்சியத்திலிருந்து ஒரு மந்திரத்தைப் பாத்திரத்துக்கு எடுத்துக் கொடுத்தால் அதன் படியே குறிப்பேட்டிற் சேரும். விதித்தொகுதியை எப்போது புதுப்பிப்பது என்பது ஆட்டத்தை நடத்துபவரின் விருப்பம். உரிமை மேசைக்கே உரியதாகின்றது. உரிமையோடு பொறுப்பும் வருகின்றது. களஞ்சியத்தில் ஒரு பிழை திருத்தப்பட்டாலும் குறிப்பேட்டிலுள்ள பழைய படி பிழையோடேயே இருக்கும். தொகுதி முழுவதையும் புதுப்பிக்கும்போது பழைய தரவுகள் புதிய அமைப்புக்கு மாற்றப்படுவதால், முன்னரே காப்புப்படி எடுத்து வையாதவர் இடருறுதலும் கூடும். பாத்பைண்டருக்குரிய தொகுதியில் வேண்டிய பொருளை மட்டும் களஞ்சியத்தைப் பார்த்துப் புதுப்பிக்கும் வசதி உண்டு. படியின் உறுதியையும் சுட்டின் எளிமையையும் ஒருங்கே தரும் இவ்வமைப்பு ஏனையோரும் பின்பற்றத் தக்கது.

நிறுவனத்தார் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரையாவிடின் திறனாய்வு ஒருதலைப்பட்டதாகும். ஒவ்வொரு வரைவையும் அழியாது பேணுதல் செலவுமிக்கது. கணக்கிடும் பொறியில் ஒரு பகுதியைத் திருத்தும்போதெல்லாம் பழைய வரைவுகள் அத்தனையும் பழுதின்றி இயங்குகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ஒரே பெயருடைய மூன்று விதிகளைக் காணும் புதியவன் எதனைக் கொள்வதென மயங்குவான். எல்லாவற்றினும் மேலாக, முதல் வரைவை ஆடுபவன் மூன்றாம் வரைவுக்குரிய வினாக்கொத்துக்கு விடை எழுதினால் சோதனையின் பயனே கெடும். பாடபேதங்களைக் குறியாது கலந்து அச்சிட்ட பதிப்பு எதற்கும் உதவாதவாறு போல, வரைவு வேறுபாடு அறியாது திரட்டிய கருத்தும் உதவாது.

இக்காரணங்கள் வலியுடையனவே. ஆயினும் அவை நிறுவுவது சோதனைக்கு ஒரு முடிவுநாள் வேண்டும் என்பதையேயன்றி, ஆட்டத்தையும் அந்நாளோடு முறிக்கலாம் என்பதையன்று. சோதனை நிறுவனத்தாருக்கு உரியது; அதனை எப்பொழுது முடிப்பது, எதனைத் தள்ளுவது என்பவற்றை அவரே தீர்மானிக்கலாம். ஆட்டம் மேசைக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே குழப்பம் விளைகின்றது.

இதனை மனங்கொண்டு சில நெறிகளை வகுக்கலாம். வரைவு விதி எதுவாயினும் பெயரோடு அது வெளியான மாதமும் ஆண்டும் சேர்த்தே வழங்கப்படல் வேண்டும். அடையாளமின்றி ஒரே பெயரிற் பொருளை மாற்றுதல் கூடாது. சோதனை முடிந்ததும் புதியோருக்கு வாயில் மூடப்படலாம். ஏற்கெனவே ஏற்றவர் குறிப்பேட்டில் அவ்விதி படியாக உறைந்து நிற்றல் வேண்டும். புதிய விதிக்கு மாற விரும்புவோருக்கு எது போயிற்று, எது வந்தது என்பதைப் பக்கத்தே வைத்துக் காட்டி, அவர் இசைந்த பின்னரே மாற்றம் நிகழல் வேண்டும். மாற்றம் வருமுன் போதிய நாள் முன்னறிவிப்பும் தேவை.

ஆடுவோருக்கும் கடன் உண்டு. வெள்ளோட்டத் தேரில் ஏறுபவன் அது வெள்ளோட்டம் என்பதை அறிந்தே ஏறவேண்டும். வரைவுப் பகுதியை அனுமதிக்கும் நடுவர், அது மாறினால் என்செய்வோம் என்பதை முதல்நாளிலேயே மேசையில் பேசி வைத்தல் நன்று. 2023 பெப்ரவரி வரைவின்படி ட்ரூயிட் பாத்திரம் ஆடியவனை எடுத்துக்கொள்வோம். கதை முடியும்வரை அவன் அவ்விதியிலேயே நிற்கலாம். ஒரு பயணம் முடிந்து மறு பயணம் தொடங்கும் இடைவெளியில் புதிய விதிக்கு மாறலாம். அன்றிப் பாத்திரத்தைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். மூன்றும் தக்கனவே. போரின் நடுவே, தன் பாத்திரத்தின் வலிமை நேற்றிருந்தவாறு இன்றில்லை எனத் திரையைப் பார்த்து அவன் திகைக்கும் நிலை மட்டும் தகாது.

இவ்வாட்டத்துக்குச் செல்வம் என்று சொல்லத்தக்கது, பலர் கூடி நெடுநாள் புனைந்த கதையும், அக்கதையில் தம் சொல்லுக்கு மதிப்பிருந்தது என்னும் அவர் நம்பிக்கையுமேயாம். கணினி அவர்தம் கணக்குச் சுமையைக் குறைத்தமை பெரும் நன்மை. அக்கணக்கின் அடிப்படையை எப்பொழுது மாற்றுவது என்னும் தீர்ப்பை அது மேசையிடமே விட்டுவைத்தால், புதிய விதிகள் தம் தகுதியாலேயே ஏற்கப்படும். அடுத்த வெள்ளோட்டத்துக்கு வடம் பிடிக்கவும் ஆடுவோர் மனமுவந்து வருவர்.